கோடை விடுமுறை: மூன்று பணிகள் போதும்

ரொறன்ரோவில் ஜூன் இறுதியில் மூடப்படும் பாடசாலைகள், செப்டெம்பரில் தொழிலாளர் தினத்துக்கு மறுநாள் மீண்டும் திறக்கின்றன. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ ஒன்பது வாரங்கள். நீண்ட பட்டியலுடன் தொடங்கும் கோடை, எதுவும் நிறைவுறாமலே கழிந்துவிடக்கூடும். எனவே மூன்று பணிகளை மட்டும் தெரிந்து, ஒவ்வொன்றும் எப்போது நிறைவுற்றதாகும் என்பதை முன்னரே வரையறுத்தல் நன்று.

ஒன்று பருவத்தைச் சார்ந்ததாக இருக்கலாம்: வீட்டுத்தோட்டம் அத்தகையது. மற்றொன்று பிள்ளைகளுக்குரியது: ஒரு தமிழ் நூலை முழுமையாக வாசித்து முடித்தல்.

மூன்றாவது, ஒத்திவைக்க இயலாத பணியாக அமைதல் வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றிடம் எஞ்சியிருப்பவை சில பழைய நிழற்படங்களே. படத்தைப் பின்னரும் நகலெடுக்கலாம். படத்தில் இருப்போரின் பெயர்களைச் சொல்லக்கூடிய முதியவர் அப்போது இல்லாதிருக்கலாம். இருபது படங்களைத் தெரிந்து, பேரப்பிள்ளைகள் வாரம் ஒருமுறை மூத்தோருடன் அமர்ந்து பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டறியலாம். அவ்விவரங்களைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் குறித்தல் வேண்டும். பேனா மை படத்தைப் பழுதாக்கும். மூத்தோரின் குரலைக் கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம்.

ரொறன்ரோ பொது நூலகத்தின் சில கிளைகளிலுள்ள எண்ணிமப் புத்தாக்க மையங்களில் படங்களையும் பழைய ஒளிநாடாக்களையும் எண்ணிம வடிவுக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. நகரவாசிகளுக்கு நூலக அட்டை இலவசமாக வழங்கப்படுகிறது. முன்பதிவு பற்றிக் கிளை அலுவலர்களிடம் கேட்டறியலாம். நிறைவுற்ற தொகுப்பின் பிரதிகளை இரு வேறு இடங்களில் வைத்திருப்பது பாதுகாப்பானது.