வலைத்தளத்திற்கும் பாதை வேண்டும்

களத்தில் மஞ்சள் குவிந்திருந்தும் வண்டிப் பாதை இல்லையெனில் வாங்குவோர் வரமாட்டார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் பஞ்சாயத்துகளும் அமைக்கும் வலைத்தளங்களுக்கும் இது பொருந்தும்.

பொருளை நாடுவோர் பலர் கூகுள் போன்ற தேடுபொறியிலேயே தேடுகின்றனர். தேடுபொறி, பெரும்பாலும் இணைப்புகளைப் பின்பற்றியே ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்கிறது, கண்டவற்றைப் பதிந்துகொள்கிறது, ஒருவர் தேடும்பொழுது பொருத்தமானவற்றை வரிசைப்படுத்தித் தருகிறது. பிற பக்கங்களிலிருந்து வரும் இணைப்புகளைக் கொண்டு ஒரு பக்கத்தை மதிப்பிடும் முறையை லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-இல் விளக்கினர். இன்று வேறு பல அளவைகளும் சேர்ந்துள்ளன. எனினும், எவ்வித இணைப்பும் பெறாத பக்கம் தேடுபொறியின் கண்ணில் படுவது அரிது.

ஈரோட்டு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அம்மஞ்சளோடு எள்ளும் தேங்காயும் விற்கும் ஒரு நிறுவனத்தை உதாரணமாகக் கொள்வோம். அது செய்ய வேண்டுவன யாவை?

முதலாவதாக, மூன்று பொருள்களையும் ஒரே பக்கத்தில் குவித்தலாகாது. முகப்புப் பக்கத்திலிருந்து 'விளைபொருள்கள்' என்ற பகுதிக்கும், அங்கிருந்து ஒவ்வொரு பொருளுக்குரிய தனிப் பக்கத்திற்கும் இணைப்பு இருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, பக்கத்தின் தலைப்பு வாங்குவோர் தேடும் சொற்களிலேயே அமைதல் நலம். 'எங்கள் தயாரிப்பு' என்பதினும் 'ஈரோடு விரலி மஞ்சள்' என்பதே பயன் தரும்.

மூன்றாவதாக, விலைப்பட்டியலைப் படமாக மட்டும் இடாமல் எழுத்தாகவும் இட வேண்டும். கைப்பேசியிலும் அது தெளிவாகத் தெரிதல் அவசியம். கூகுள் கைப்பேசி வடிவத்தையே முதன்மையாகக் கொள்கிறது.

நான்காவதாக, ஒரே செய்தியைப் பல பக்கங்களில் திரும்பக் கூறுதல் வேண்டா. பக்கத்தின் முகவரியை மாற்ற நேர்ந்தால், பழைய முகவரிக்கு வருவோர் தாமாகவே புதியதற்குச் செல்லுமாறு அமைத்தல் வேண்டும். இல்லையேல் முன்னர் பெற்ற மதிப்பு வீணாகும்.

இவற்றைச் செய்தால் முதலிடம் உறுதி என்று எவரும் கூற இயலாது. பணம் பெற்று அவ்வாறு வாக்களிப்போரிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஒழுங்கான அமைப்பு நம் சரக்கைத் தேடுவோர் கண்ணுக்குக் கொண்டு செல்லும். வாங்கச் செய்வது சரக்கின் தரமும் நம் நாணயமுமேயாம்.

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் தம் வலைத்தளத்தைக் கைப்பேசியில் திறந்து, முகப்பிலிருந்து மஞ்சள் விலையைக் காண எத்தனை முறை தொட வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்களாக. சீர்திருத்தத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.