குடிநோய்க்குக் காப்பீட்டு அட்டை செல்லுமா?

குடியை நிறுத்தும் சிகிச்சைக்காக ஒருவரை அழைத்துவரும் குடும்பத்தார் மனநல மருத்துவனாகிய என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் காப்பீட்டு அட்டையைப் பற்றித்தான். இதய அடைப்புக்கு ஸ்டென்ட் பொருத்தவும் டயாலிசிஸ் செய்யவும் பயன்படும் அட்டை இதற்கும் செல்லுமா என்று கேட்பார்கள். எளிய கேள்விதான். ஆனால், நம் நாட்டில் சட்டம் இதற்கு ஒரு பதிலும், காப்பீட்டு விதிகள் வேறொரு பதிலும் சொல்கின்றன.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோய் என்பதற்குத் தரும் வரையறையிலேயே மது, போதைப்பொருள் பயன்பாட்டால் ஏற்படும் மனநிலைப் பாதிப்புகளையும் சேர்த்திருக்கிறது. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது அதன் 21(4) பிரிவு. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையமும் இதைப் பின்பற்றுமாறு 2018 ஆகஸ்ட்டில் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர், குடிநோய்க்கும் காப்பீடு உண்டு என்றே முடிவுக்கு வருவார்.

அடுத்த ஆண்டே அதே ஆணையம், காப்பீட்டு ஒப்பந்தங்களில் இடம்பெறும் விலக்குகளுக்கு ஒரே மாதிரியான வாசகங்களை வகுத்தது. அவற்றில் 12ஆம் எண் விலக்கு, குடிப்பழக்கம், போதைப்பொருள் பயன்பாடு உள்ளிட்ட எந்த அடிமைத்தனத்துக்குமான சிகிச்சையையும் 'அவற்றின் விளைவுகளையும்' காப்பீட்டிலிருந்து நீக்க இடம்தருகிறது. நாடாளுமன்றம் திறந்த கதவை ஓர் ஒழுங்குமுறை வாசகம் சாத்திவிட்டது. 'விளைவுகள்' என்ற சொல்லின் வீச்சையும் கவனியுங்கள். கல்லீரல் சுருக்கம், கணைய அழற்சி எனக் குடியோடு தொடர்புபடுத்தக்கூடிய எதையும் அதற்குள் அடக்கிவிடலாம்.

இதன் பாதிப்பு பணத்தோடு நிற்பதில்லை. கால் எலும்பு முறிந்து அனுமதிக்கப்படும் நோயாளியின் மனைவி, "குடிப்பார்னு மட்டும் கேஸ் ஷீட்டில எழுதிடாதீங்க டாக்டர், க்ளெய்ம் வராது" என்று கெஞ்சுவதை மருத்துவமனைகளில் பணியாற்றிய எவரும் கேட்டிருப்பார்கள். அவருடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் என நிலைமை உயிருக்கே ஆபத்தாகலாம். முன்கூட்டியே தெரிந்தால் சில மாத்திரைகளாலும் தயாமின் ஊசியாலும் பெரும்பாலும் தடுத்துவிடக்கூடிய ஆபத்து இது. காப்பீட்டுக்காக மறைக்கப்பட்ட ஒரு வரி, அறுவைசிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் இரவில் நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்கிறது. உண்மையைச் சொன்னால் பணம் போகும், மறைத்தால் உயிர் போகலாம் என்ற இக்கட்டில் ஒரு குடும்பத்தை நிறுத்தும் விதியை என்னால் ஏற்க முடியவில்லை.

தனியார் காப்பீட்டை விடுங்கள். அரசின் காப்பீடு என்ன செய்கிறது? 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டு, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைத்துச் செயல்படுத்தப்படும் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை தருகிறது. அதன் தேசியப் பட்டியலில் போதைப்பொருட்களால் விளையும் மன, நடத்தைக் கோளாறுகளுக்கென ஒரு சிகிச்சைத் தொகுப்பு உண்டு. அதே திட்டத்தின் விலக்குகளில் போதை மறுவாழ்வும் புறநோயாளி சிகிச்சையும் உண்டு. அதாவது, நடுக்கத்தோடு வருபவரைப் படுக்கையில் சேர்த்து உடலிலிருந்து மதுவை இறக்கும் சில நாள்களுக்குப் பணம் கிடைக்கலாம். அதன் பிறகு, வீடு திரும்பிய 15 நாள்கள்வரையிலான செலவோடு திட்டத்தின் பொறுப்பு முடிந்துவிடும்.

குடிநோயின் நாள்காட்டியோ அந்த 15 நாள்களுக்குப் பிறகுதான் உண்மையில் தொடங்குகிறது. நச்சு நீக்கம் என்பது ஏழு முதல் பத்து நாள் வேலை. சிகிச்சையின் எளிய பகுதியும் அதுவே. மீண்டும் குடிக்கத் தொடங்குவோரில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதங்களிலேயே வழுக்கிவிடுகிறார்கள். குடிக்கும் வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளைப் பல மாதங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். உளவியல் ஆலோசனை, குடும்பத்தாருடனான அமர்வுகள், குறிப்பிட்ட இடைவெளியில் கல்லீரல் பரிசோதனை ஆகிய அனைத்தும் புறநோயாளியாக வந்துபோகும்போது நடப்பவை. படுக்கைக்கு மட்டும் பணம் தரும் காப்பீடு, பயிர் நடும் செலவை ஏற்றுக்கொண்டு தண்ணீர் பாய்ச்சும் செலவைக் கைவிட்டதைப் போன்றது.

இந்தச் சிக்கலை நெடுங்காலமாகக் கையாளும் நாடு அமெரிக்கா. அங்கே ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீடு 1965இல் வந்தது. பெரியவர்கள் 16 படுக்கைகளுக்கு மேலுள்ள மனநல, போதை மீட்பு மையங்களில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு ஒன்றிய அரசின் பணத்தைத் தர அதன் விதிகள் தடைபோட்டன. 2015 முதல் சிறப்பு அனுமதி பெற்ற மாநிலங்கள் மட்டும் இதிலிருந்து ஓரளவு விலகிக்கொண்டன. 2018ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் முக்கியமானது: ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கான மெதடோன், புப்ரெநார்பின், நால்ட்ரெக்ஸோன் ஆகிய மூன்று மருந்துகளுக்கும் எல்லா மாநிலங்களின் மெடிகெய்டும் பணம் தர வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. தொடர் மருந்துக்குக் காப்பீடு என்பதே அதன் உட்பொருள். அங்கிருந்து கிடைக்கும் எச்சரிக்கையும் உண்டு. அரிசோனாவில் பழங்குடி மக்களை மீட்பு இல்லங்களில் சேர்த்து, தராத சிகிச்சைக்கு மெடிகெய்டிடம் பணம் பறித்த மோசடி 2023இல் அம்பலமானது. காப்பீட்டுப் பணம் வரும் இடத்துக்குத் தரகர்களும் வருவார்கள்.

"தானே தேடிக்கொண்ட நோய்க்கு என் வரிப்பணமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். புகைபிடித்து மாரடைப்பு வந்தவருக்கு இந்தக் கேள்வியை நாம் எழுப்புவதில்லை. மேலும், மது விற்பனை மூலம் 2024-25இல் தமிழக அரசுக்கு வந்த வருவாய் 48 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. விற்பவரே அரசாக இருக்கும் மாநிலத்தில் பொறுப்பைக் குடிப்பவர்மீது மட்டும் சுமத்துவது எனக்குச் சற்றே விநோதமாகப் படுகிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180இல் ஒருவர்.

செய்ய வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. 12ஆம் விலக்கை மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும். குறைந்தபட்சம் 'விளைவுகள்' என்ற சொல்லையாவது நீக்க வேண்டும். அரசுக் காப்பீட்டில் நச்சு நீக்கத்தையும் ஓராண்டுத் தொடர் சிகிச்சையையும் ஒரே தொகுப்பாக்கி, நோயாளி மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் சிகிச்சையில் நீடித்திருந்தால் மட்டுமே அடுத்த தவணையை விடுவிக்கலாம். அரிசோனா பாணி மோசடிக்கும் அது ஒரு தடுப்பு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்த மையங்களை மட்டுமே இணைத்தால், நோயாளிகளை அடைத்துவைத்து அடிக்கும் போலி மையங்களுக்குக் குடும்பங்கள் கடன் வாங்கிக் கட்டும் அவலமும் குறையும்.

அதுவரை தெரிந்துகொள்ள வேண்டியவை சில. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை, அட்டையும் தேவையில்லை. 2025இல் தமிழக அரசு 25 'கலங்கரை' போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. அருகிலுள்ள மையத்தை அறிய 14446 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். தனியார் காப்பீடு எடுக்கும்போது குடிப்பழக்கத்தை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். அப்படி மறைத்தவரின் கோரிக்கையை நிராகரித்தது செல்லும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. குடிக்குத் தொடர்பே இல்லாத நோய்க்கு 12ஆம் விலக்கைக் காட்டிப் பணம் மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தீர்வு வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.