கனமான காசும் நம் கல்லாவும்

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். ஒற்றைக் காசே மடி கொள்ளாத கனமாக இருந்ததும் உண்டு. முகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீர் 1613-ஆம் ஆண்டு ஆக்ராவில் அடித்த ஆயிரம் மொகர் பொற்காசு ஏறத்தாழ பன்னிரண்டு கிலோ. குறுக்களவு இருபது சென்டிமீட்டர், அதாவது ஒரு சிற்றுண்டித் தட்டின் அகலம். ஈரான் தூதருக்கு இதைப் பரிசாகக் கொடுத்தார் என்பர். பின்னாளில் ஐதராபாத் நிஜாம் குடும்பத்தாரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்ட இந்தக் காசு, 1987-ல் ஜெனிவா நகரில் ஏலத்துக்கு வந்தது. அதன்பின் பொதுமக்கள் பார்வைக்கு வரவே இல்லை.

அவருடைய தகப்பனார் அக்பரும் சளைத்தவர் அல்ல. நூற்றொரு தோலாவுக்கு மேல் எடையுள்ள பொற்காசு ஒன்று அவர் காலத்து நாணயப் பட்டியலில் இருக்கிறது. நம் காலத்திலும் இந்த ஆசை ஓயவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர நாணயச் சாலை 2011-ல் ஒரு டன் தங்கத்தில் ஒரே காசு செய்தது. கனடா 2007-ல் நூறு கிலோவில் செய்த தங்கக் காசுகளில் ஒன்றை, 2017-ல் பெர்லின் அருங்காட்சியகத்திலிருந்து தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டு போய்விட்டார்கள்.

வியாபாரிகளாகிய நம் கணக்கில் இவை காசே அல்ல. மீதிச் சில்லறை கொடுக்க முடியாத ஒன்று எப்படிக் காசாகும்? காசு என்றால் கடைத்தெருவுக்கு வர வேண்டும், கை மாற வேண்டும். அப்படிக் கை மாறிய கனமான காசுகளைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். அந்தப் பாடு நம்மைப் போன்றவர்கள் பட்ட பாடு.

அக்பர் காலத்துச் செப்புக் காசுக்குத் தாம் என்று பெயர். ஒன்று சுமார் இருபது கிராம். நாற்பது தாம் ஒரு ரூபாய். ஒரு ரூபாய்க்குச் சில்லறை மாற்றினால் முக்கால் கிலோவுக்கு மேல் செம்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நம் தென்னாட்டு வழக்கம் இதற்கு நேர் எதிர். இங்கே ஓடிய பொன் பணம் அரை கிராம் எடைகூடக் கிடையாது. விரலுக்கு அகப்படாமல் நழுவும் என்பதால், சிறு குழிகள் வெட்டிய மரப் பலகையில் காசுகளைக் கொட்டி ஆட்டி, குழிக்கு ஒன்றாக உட்கார வைத்து எண்ணினார்கள். அந்தப் பணப் பலகைகளை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். எண்ணுகிற வேலையைச் சுருக்கிய அந்த மூளை நம்மவர் மூளை என்பதில் நமக்குப் பெருமைதான்.

கனத்தால் பட்ட அவதிக்கு முதல் இடம் ஸ்வீடன் நாட்டுக்கு. அங்கே வெள்ளி குறைவு, செம்பு மிகுதி. காசின் மதிப்புக்குச் சமமான உலோகம் காசிலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். விளைவு, 1644-ல் வந்த பத்து டாலர் செப்புத் தகடு. ஒன்று ஏறத்தாழ இருபது கிலோ! நான்கு மூலையிலும் நடுவிலும் முத்திரை குத்திய பெரிய பலகை அது. கொள்முதலுக்குப் போகிறவன் காசு ஏற்ற ஒரு வண்டி, சரக்கு ஏற்ற ஒரு வண்டி என்று பிடிக்க வேண்டியதுதான். இந்தச் சுமை தாங்காமல் 1661-ல் ஸ்டாக்ஹோம் வங்கி ஒன்று காகித நோட்டு வெளியிட்டது. ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டு அதுதான். அளவுக்கு மீறி நோட்டு அடித்ததால் சில ஆண்டுகளில் அந்த வங்கி நொடித்தது. தகட்டுக் காசு பின்னும் நூறாண்டுக்கு மேல் ஓடி, 1776-ல் செல்லாததாயிற்று.

செல்லாத செம்பு எங்கே போகும்? விலை கிடைக்கும் இடத்துக்குத்தான். நிக்கோபார் என்ற டென்மார்க் கப்பல் இந்தத் தகடுகளை ஏற்றிக்கொண்டு நம் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டது. தரங்கம்பாடி அப்போது டென்மார்க்காரர் வசம் இருந்தது. 1783-ல் தென்னாப்பிரிக்காவின் தென்முனைக்கு அருகே கப்பல் மூழ்கிவிட்டது. இருநூறு ஆண்டுகள் கழித்து 1987-ல் தகடுகளைக் கடலடியிலிருந்து எடுத்தார்கள். வந்து சேர்ந்திருந்தால் ஸ்வீடன் ராஜாவின் முத்திரையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தராசில் போட்டு, செம்பு என்ன விலை என்று கேட்டிருப்பார்கள். குடமாகவும் அண்டாவாகவும் அது எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கும்.

நம்மைப் போன்ற மளிகைக்காரர்களுக்குப் பிடித்த காசு இங்கிலாந்தில் வந்தது. 1797-ல் பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டன் என்பவரின் ஆலையில் அடித்த இரண்டு பென்னிக் காசு சரியாக இரண்டு அவுன்சு, அதாவது 57 கிராம். ஒரு பென்னி ஒரு அவுன்சு. வண்டிச் சக்கரம் என்று அதற்குப் பட்டப்பெயர். பையில் வைத்தால் பை கிழியும். ஆனால் எடை துல்லியமாக இருந்ததால் கடைக்காரர்கள் அதையே படிக்கல்லாகத் தராசில் போட்டார்கள். செம்பு விலை ஏறியதும் காசுகள் உருக்குச் சட்டிக்குப் போயின. இரண்டு பென்னி அந்த ஓராண்டோடு நின்றது. அதே ஆலையில் சென்னை மாகாணத்துக்காகக் கம்பெனியார் அடித்த இருபது காசு, பத்து காசு செப்பு நாணயங்களைச் சுமந்து வந்த அட்மிரல் கார்ட்னர் கப்பலும் 1809-ல் இங்கிலாந்துக் கரை அருகிலேயே மணல்திட்டில் சிக்கி மூழ்கிற்று. காசுக்கும் கடலுக்கும் ஏதோ பூர்வ ஜன்மத் தொடர்பு போலும்.

கம்பெனியார் சென்னையிலேயே வெள்ளியில் அரை வராகன் அடித்தார்கள். ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரம், மறுபக்கம் பெருமாள், தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. எடை 21 கிராம். பார்க்க அழகுதான். ஆனால் 1818-ல் வராகன் கணக்கே போய் ரூபாய்க் கணக்கு வந்துவிட்டது.

1835-ல் நாடு முழுதுக்கும் ஒரே ரூபாய் வந்தது. எடை ஒரு தோலா, 11.66 கிராம். அதோடு வந்த செப்பு அரையணா 12.95 கிராம். ரூபாயில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு மதிப்புள்ள காசு, ரூபாயைவிடக் கனம்! மதிப்பு வேறு, எடை வேறு என்பதை அந்த அரையணாவைப் போல் எதுவும் விளக்காது.

வெள்ளி ரூபாய்தான் நம் தராசின் தாய்க்கல். மூன்று ரூபாய் எடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. நூற்றிருபது வெள்ளி ரூபாயைத் தட்டில் வைத்தால் வீசைக்கல் வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் ரூபாய் எடை, வராகன் எடை என்று சொல்வது இந்தக் காசுகளை வைத்துத்தான். நம் தகப்பனார் காலத்துத் தராசுப் பெட்டியில் விக்டோரியா தலை போட்ட ரூபாய் நான்கு கிடந்தது. ஏலம், கிராம்பு நிறுக்க அதுதான். மெட்ரிக் எடை வந்த பிறகும் அவர் அவற்றை எடுத்து எறியவில்லை.

நல்ல காசுதான், ஆனால் தூக்க வேண்டுமே! ஐயாயிரம் வெள்ளி ரூபாய் என்றால் 58 கிலோ. இதனால்தான் நம் முன்னோர் பணத்தைச் சுமக்காமல் உண்டியல் எழுதிக் கொடுத்து ஊர்விட்டு ஊர் வியாபாரம் செய்தார்கள்.

போரும் விலைவாசியும் சேர்ந்து ரூபாயை இளைக்க வைத்தன. 1940-ல் வெள்ளி பாதியாயிற்று. 1943-ல் செம்புத் தட்டுப்பாட்டால் ஓட்டைக் காலணா வந்தது. 1947-ல் ரூபாயில் வெள்ளியே இல்லை. 1962-ல் பத்து கிராமாக இருந்த ரூபாய், 1975-ல் எட்டு, 1983-ல் ஆறு, 1992-ல் 4.85, 2011-ல் 3.79, 2019 வரிசையில் 3.09 கிராம் என்று வந்து நிற்கிறது. இடையே 1985-ல் இந்திரா காந்தி உருவத்துடன் வந்த ஐந்து ரூபாய் மட்டும் 12.5 கிராம். வெள்ளி ரூபாயைவிடக் கனம். அதைக் கல்லாவில் பார்த்தவர்கள் சிலர், பெட்டியில் பூட்டியவர்கள் பலர்.

இளைப்பதைக் குறை சொல்ல முடியாது. காசின் உலோகம் காசின் மதிப்பைத் தாண்டினால் அது கல்லாவில் நிற்காது. நம் காசுகள் வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டுச் சவர பிளேடாவதாக 2007-ல் செய்தி வந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் சில்லறைக்கு நாம் அலைந்த அலைச்சலும் நினைவிருக்கும். காசை உருக்கினால் ஏழாண்டு வரை சிறை என்று 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் சொல்கிறது.

இன்று நம் ஊர்ப் பக்கம் தறிக்காரர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். மாலை ஆறு மணிக்கு மேல் மளிகைக் கடையில் சில்லறை இல்லாமல் நிற்க முடியாது. செல்போனில் பணம் அனுப்புகிறவர் பெருகியும், சில்லறை கேட்பவர் குறையவில்லை. ஐயாயிரம் ரூபாயைப் புதிய ஒரு ரூபாய்க் காசாக வாங்கினால் பதினைந்தரைக் கிலோ, ஜஹாங்கீர் காசைவிடக் கனம். பத்து ரூபாய்க் காசாக வாங்கினால் நாலு கிலோகூட வராது. இருபது ரூபாய்க் காசானால் இரண்டு கிலோ சொச்சம். அப்படியிருக்க, 2016 முதல் சில ஆண்டுகள் நம் வட்டாரத்தில் பத்து ரூபாய்க் காசைப் பல கடைக்காரர்களே கை நீட்டி வாங்கவில்லை. ரூபாய்க் குறி உள்ளது நல்லது, இல்லாதது கள்ளக்காசு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அந்தக் குறி பிறந்ததே 2010-ல். அதற்கு முன் அடித்த காசில் அது எப்படி இருக்கும்? பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. இன்னும் தயங்குகிற அன்பர்கள், வாங்க மறுத்த காசுக்குப் பதிலாக மிட்டாய் கொடுத்து வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குகிறார்கள்.

வாங்கிய காசு மிஞ்சினால் வங்கியில் கட்டலாம். ஒருவருக்கு ஒரு தடவையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் காசாகக் கொடுத்தால் அவர் மறுக்கலாம் என்பது சட்டம். ஆனால் வாடிக்கையாளர் கணக்கில் கட்டுகிற காசை வங்கிக் கிளைகள் ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நூறு நூறாகப் பாலிதீன் உறையில் போட்டுக் கொண்டு போனால் வேலை சுலபம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளை எண்ணாமல் நிறுத்தே வாங்கிக்கொள்ளலாம் என்றும் அந்த விதி சொல்கிறது.