மலையொளியைத் தேடிய இருவர்

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடைபெறும். ஓராண்டு, ஓட்டப் பந்தயத்தைப் படம் எடுப்பதற்காகப் பக்கத்து நகரிலிருந்து ஒரு புகைப்படக்காரரை வரவழைத்திருந்தோம். அவர் முக்காலியை ஊன்றிக் காமிராவைப் பொருத்துவதற்குள் பந்தயமே முடிந்துவிட்டது. பிறகு வெற்றி பெற்ற மாணவனை மறுபடியும் கோட்டருகே நிறுத்தி, ஒரு காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்லிப் படம் எடுத்தார். அந்தப் படம் நெடுநாள் என் அறைச் சுவரில் தொங்கியது. அதில் மாணவன் இருந்தான், ஓட்டம் இல்லை. ஓடுகிறவனுடைய ஓட்டத்தை, நின்றுகொண்டிருப்பவன் படம் பிடிக்க முடியுமா? இக்கேள்வி அப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் எழுந்ததுண்டு.

மாணவ நண்பர்களே! அக்கேள்விக்கு விடையாக வாழ்ந்து காட்டிய ஒரு தம்பதியரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்க நாட்டில் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த கேலன் ரோவெல், பார்பரா ரோவெல் என்பவர்களே அவ்விருவர். மலையேற்றம், பனிச்சறுக்கு, நெடுந்தூர ஓட்டம், சிறு விமானப் பயணம் ஆகிய திறந்தவெளிச் சாதனைகளைப் படம் எடுப்பதே அவர்களுடைய தொழில். ஆனால் வேடிக்கை பார்ப்போராக நின்று அவர்கள் படம் எடுக்கவில்லை. தாமும் ஏறி, தாமும் ஓடி, தாமும் பறந்து எடுத்தார்கள்.

கேலன் 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கல்லூரிப் பேராசிரியர். தாயார் செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியில் வல்லவர். இளமையிலேயே பெற்றோர் அவரைச் சீயெரா நெவாடா மலைத்தொடருக்கு அழைத்துச் சென்றனர். அன்று பற்றிய மலைக் காதல் கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை. பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மோட்டார் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை அவர் நடத்தினார். வாரம் முழுவதும் பட்டறை. ஓய்வு நாள் வந்தால் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைகள். மலைமேல் தாம் கண்டவற்றை வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் காட்ட வேண்டும் என்பதற்காகவே முதலில் காமிராவைக் கையில் எடுத்தார். 1972இல், குடும்பப் பொறுப்பு உடையவராக இருந்தும், பட்டறையை விற்றுவிட்டு முழுநேரப் புகைப்படக் கலைஞரானார்.

மறு ஆண்டே அவருக்கு ஒரு நல்வாய்ப்புக் கிட்டியது. யோசெமிட்டியில் அரைக்கோளம் போன்ற வடிவுடைய ஹாஃப் டோம் என்னும் பாறைமலை இருக்கிறது. அதன் வடமேற்கு முகம் சுமார் 2,000 அடி உயரமுள்ள நெடுஞ்சுவர். அக்காலத்தில் வழக்கமாக மலையேறுவோர் பாறை வெடிப்புகளில் இரும்பு ஆணிகளைச் சுத்தியலால் அடித்துக் கயிற்றை மாட்டினார்கள். அடிக்க அடிக்க வெடிப்பு சிதைந்து, பாறை புண்படும். கேலனும் அவருடைய தோழர் இருவரும் 1973இல் சுத்தியலே இல்லாமல் அச்சுவரில் ஏறினர். கையாலேயே வெடிப்பில் செருகி, கையாலேயே எடுத்துவிடக்கூடிய உலோகக் கட்டைகளை மட்டும் பயன்படுத்தினர். ஏறும்போது அவர் எடுத்த படங்கள் 1974 ஜூன் மாத 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' இதழில் முகப்புக் கட்டுரையோடு வெளிவந்தன. தோழர்களோடு ஒரே கயிற்றில் தாமும் தொங்கியவர் எடுத்த படங்கள் அவை. பாறையின் செங்குத்தையும் ஏறுவோரின் முகத்தையும் அத்தனை அருகில் காட்டுவது, கீழே நின்றவருக்கு இயலாத காரியம் அன்றோ?

இதன்பின் அவருடைய பயணங்கள் பெருகின. 1975இல் கே-2 சிகரத்தை நோக்கிச் சென்ற அமெரிக்கக் குழுவில் பங்கு கொண்டார். அக்குழு சிகரத்தை எட்டாமலே திரும்பியது. 1977இல் அதே காரகோரம் மலைத்தொடரில் கிரேட் டிராங்கோ கோபுரத்தின் உச்சியை முதன்முதலாக அடைந்தவர்களில் ஒருவரானார். 1980இல் பனிச்சறுக்குக் கட்டைகளை அணிந்து, அம்மலைத்தொடரின் ஊடே ஏறத்தாழ 285 மைல் கடந்தார்.

இத்தகைய பயணத்தில் காமிராவின் எடை ஒரு பெரும் பிரச்சினை. 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதியே. பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும் இடத்தில், கூடுதலாக ஒரு பலம் எடையும் பாரமே. அக்காலத்தில் இயற்கைக் காட்சிகளை எடுத்த கலைஞர் பலர் பெரிய காமிராவையும் கனத்த முக்காலியையும் கொண்டு சென்றனர். கேலனோ 35 மில்லிமீட்டர் பிலிம் பொருத்திய சிறு காமிராவை மார்பில் கட்டிக்கொண்டு ஓடினார். கை நீட்டினால் காமிரா, கணப்பொழுதில் படம்.

இன்னொரு இடரும் உண்டு. நம் கண் வெயிலையும் நிழலையும் ஒருங்கே காண வல்லது. அவர் பயன்படுத்திய வண்ணச் சிலைடு பிலிமுக்கு அந்த ஆற்றல் இல்லை. ஒளியை இருமடங்கு இருமடங்காகக் கூட்டினால் ஏறத்தாழ ஐந்து படிகளை மட்டுமே அது தாங்கும். அதாவது சுமார் 32 மடங்கு வேறுபாடு. அந்த எல்லைக்கு அப்பால், வெளிச்சம் வெறும் வெள்ளையாகவும் நிழல் வெறும் கறுப்பாகவும் போய்விடும். சிகரத்தில் காலை வெயில் படும்போது பள்ளத்தாக்கு இருளில் கிடக்குமாதலால், ஒன்றைக் காட்டினால் மற்றொன்று மறையும். இதற்காக அவர், மேற்பாதி மங்கலாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும், இடையே படிப்படியாக நிறம் மாறுவதாகவும் அமைந்த வடிகட்டிக் கண்ணாடிகளை வடிவமைத்தார். மங்கல் பகுதி சிகரத்தின் ஒளியைக் குறைக்கும். தெளிந்த பகுதி பள்ளத்தாக்கை உள்ளபடி விடும். தம் கண் கண்டதைப் பிலிமும் காணச் செய்த உபாயம் இது.

அவருடைய படங்களுள் புகழ் மிக்கது, 1981இல் திபெத்தின் தலைநகரான லாசாவில் எடுத்த வானவில் படம். மலைநடைப் பயணிகளின் குழு ஒன்றை அழைத்துச் சென்றிருந்தார். மாலை உணவு வேளையில் வானில் ஒரு வானவில் தோன்றியது. இங்கே நீங்கள் பாடத்தில் படித்த பௌதிகத்தை நினைவுகூர வேண்டும். வானவில் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் பொருள் அன்று. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க, சூரியனுக்கு நேரெதிர்த் திசையை நடுவாகக் கொண்டு, சுமார் 42 பாகைக் கோணத்தில் அது தோன்றுகிறது. ஆகவே நாம் நகர்ந்தால் அதுவும் நம்மோடு நகரும். வானவில்லின் அடி ஓரிடத்தில் இறங்குவதுபோல் தெரிய வேண்டுமானால், பார்ப்பவரே அதற்குரிய இடத்துக்குச் செல்ல வேண்டும். கேலன் இதை நன்கு அறிந்தவர். மற்றவர்கள் உணவருந்திக்கொண்டிருக்க, அவர் சுமார் 12,000 அடி உயரத்தில், மெல்லிய காற்றில், ஏறத்தாழ ஒரு மைல் ஓடினார். போதலா அரண்மனையின் மேல் வில் இறங்குவதுபோல் அமைந்த இடத்தை அடைந்து படம் எடுத்தார். அதை அதிர்ஷ்டம் என்பார் உண்டு. வானவில் அனைவருக்கும் பொதுவாகத்தான் தோன்றியது. அது எங்கே பொருந்தும் என்று கணிக்கும் அறிவும், அங்கே ஓடிச் சேரும் உடல்வலிவும் ஒருவரிடம் இருந்தன.

அதே 1981இல்தான் பார்பரா அவருடைய வாழ்க்கைத் துணைவியானார். மலையேற்ற உடைகளும் கூடாரங்களும் தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றில் மக்கள் தொடர்புப் பணியில் இருந்தவர் அவர். மணமான பின், 'மவுண்டன் லைட்', அதாவது 'மலையொளி' என்று பெயரிட்ட புகைப்பட நிலையத்தை நிருவகித்தார். எடுத்த படம் பெட்டியில் உறங்கினால் யாருக்கு என்ன பயன்? அதை வகைப்படுத்தி, பாதுகாத்து, பத்திரிகைகளுக்கும் பதிப்பாளருக்கும் கொண்டு சேர்க்கும் உழைப்பு வெளியார் கண்ணில் படுவதில்லை. அந்த உழைப்பு இல்லையேல், மலையேறி வாழ்க்கை நடத்துவது கேலனுக்கு இயன்றிருக்குமா என்பது ஐயமே.

எனினும் புகழ்பெற்ற கணவரின் நிழலில் நின்றுவிட பார்பரா விரும்பவில்லை. தமக்கென்று ஒரு துறையைத் தேடி, விமானம் ஓட்டப் பயின்றார். 1990இல் செஸ்னா என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தைச் செலுத்திக்கொண்டு, கலிபோர்னியாவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியா வரை சென்று மீண்டார். அப்பயணத்தைத் தம் மனப்போராட்டங்களோடு சேர்த்து 'ஃபிளையிங் சவுத்' என்ற நூலாக எழுதினார். புகைப்படக் கலையிலும் தனித்து விளங்கினார்.

2001இல் இத்தம்பதியர் சீயெரா மலையடிவாரத்திலுள்ள பிஷப் என்னும் சிற்றூருக்குத் தம் நிலையத்தை மாற்றி, பழைய வங்கிக் கட்டடம் ஒன்றில் படக் காட்சிக்கூடம் அமைத்தனர். மறு ஆண்டின் கோடையில், கேலன் மூன்று தோழர்களுடன் திபெத்தின் சாங்தாங் பீடபூமியில் 250 மைலுக்கும் மேல் நடந்தார். பாதையற்ற வெளியில் கைவண்டிகளை இழுத்துக்கொண்டு நால்வரும் சென்றது ஏன்? சிரு என்னும் திபெத்திய மான் கன்று ஈனும் இடத்தைக் கண்டறியத்தான். இம்மானின் மென்மயிரால் நெய்யப்படுவதே ஷாதூஷ் சால்வை. அதற்காக மான்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டு வந்தன. அவை ஈனும் இடத்தை அறிந்தால்தான் அங்கே காவல் அமைக்க முடியும். தம் 61ஆம் வயதில் அவர் மேற்கொண்ட பயணம் அது.

அதன்பின் சில வாரங்களே கழிந்தன. அலாஸ்காவுக்குச் சென்று திரும்பிய தம்பதியர், வாடகைக்கு அமர்த்திய சிறு விமானத்தில் வீடு நோக்கி வந்தனர். 2002 ஆகஸ்டு 11ஆம் நாள், விடிவதற்கு வெகு நேரம் முன்னரே, பிஷப் விமான நிலையத்துக்கு அருகில் அவ்விமானம் வீழ்ந்தது. அதில் இருந்த நால்வரும் மாண்டனர். அப்போது பார்பராவுக்கு வயது 54. பனிப்புயலிலும் செங்குத்துப் பாறையிலும் தப்பியவரை, வீட்டு வாயிலை நெருங்கும் வேளையில் மரணம் சந்தித்தது.

இவ்வாழ்க்கையை நான் எடுத்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று உங்களுள் பலர் கையில் காமிராவோடு கூடிய கைப்பேசி இருக்கிறது. ஓடும் ரயிலின் அருகிலும், வழுக்கும் அருவிப் பாறையிலும் நின்று படம் எடுக்க முயன்று உயிரிழந்த இளைஞரைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு பதறுகிறது. அதனை இத்தம்பதியரின் துணிவோடு ஒப்பிடாதீர்கள். கேலன் சிறுவயது முதல் கயிறும் பாறையும் பழகியவர். சிகரம் எட்டாதபோது திரும்பத் தெரிந்தவர். பார்பரா முறையாகப் பயின்ற பின்னரே ஆகாயத்தில் ஏறினார். அவர்கள் அபாயத்தைத் தேடிப் போகவில்லை. அழகைத் தேடிப் போனார்கள். வழியில் இருந்த அபாயத்தை அளந்து, பயிற்சியால் குறைத்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும் முழுவதையும் குறைக்க இயலவில்லை என்பதை அவர்களுடைய முடிவு நமக்கு உணர்த்துகிறது.

என் அறைச் சுவரில் தொங்கிய படத்துக்கு மீண்டும் வருகிறேன். அந்தப் புகைப்படக்காரரை நான் பழிக்கவில்லை. அவர் ஓட்டம் அறியாதவர், அவ்வளவே. நீங்கள் எதைப் படம் எடுக்க விரும்பினாலும், அதை முதலில் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். பறவையை எடுக்க விரும்புவோர் அதன் பழக்கத்தைக் கவனியுங்கள். கபடியை எடுக்க விரும்புவோர் ஒரு பருவமேனும் களத்தில் இறங்கி ஆடுங்கள். காமிராவைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.