ஜிப்சியின் பிளேட்டைக் கழற்றும் முன்

மாருதி ஜிப்சிக்கு முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங்தான். 1985-இல் வந்த வண்டி 2018-19-இல் விற்பனை நிற்கும்வரை அப்படியே இருந்தது. காட்டிலும் பாறையிலும் ஓட்டுபவர்களுக்கு இதுதான் குறை. பிளேட் செட் விறைப்பு. ஒரு சக்கரம் கல்மேல் ஏறினால் மறுபக்கச் சக்கரம் தரையை விட்டுவிடும். அதனால் பிளேட்டைக் கழற்றிவிட்டு காயில் ஸ்பிரிங்கும் லிங்க்கும் போட்டுக்கொள்ள ஜிப்சிக்காரர்களுக்கும் பழைய ஜீப்காரர்களுக்கும் தீராத ஆசை. "போட்டுடலாம் சார், ஒரு வாரம் வண்டியை விடுங்க" என்று சொல்லும் பட்டறைகளுக்கும் குறைவில்லை. அப்படிச் சொல்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: வரைபடம் எங்கே?

லீஃப் ஸ்பிரிங் எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. ஆக்ஸில் முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ நகராமலும், பிரேக் பிடிக்கும்போது உருண்டுவிடாமலும் பிடித்துக்கொள்வதும் அதுவே. காயில் எடையை மட்டும்தான் தாங்கும். மற்றதெல்லாம் லிங்க்குகளின் தலையில் விழும். முன்பக்கத்தில் பெரும்பாலும் போடுவது மூன்று லிங்க்: கீழே இரண்டு, மேலே ஒன்று, பக்கவாட்டுக்குத் தனியாக ஒரு பேன்ஹார்டு ராடு. மேலே ஒன்றோடு நிறுத்துவதற்குக் காரணம் இடநெருக்கடி; ஆக்ஸிலுக்கு மேலே எஞ்சினும் ஆயில் சம்ப்பும் உட்கார்ந்திருக்கும்.

அந்த ஒற்றை மேல் லிங்க் என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 500 கிலோ அளவு விசையில் பிரேக் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். கீழ் லிங்க் ஆக்ஸிலில் மாட்டும் இடம் தரையிலிருந்து 33 செ.மீ. உயரம், மேல் லிங்க் அதற்கு 20 செ.மீ. மேலே. லிங்க்குகள் ஏறக்குறைய கிடைமட்டமாக இருந்தால், மேல் லிங்க்கை இழுக்கும் விசை 500 × 33 ÷ 20, அதாவது 825 கிலோ. கீழ் லிங்க் இரண்டும் சேர்ந்து 1,325 கிலோ அழுத்தத்தை வாங்கும். இடம் போதவில்லை என்று பட்டறைக்காரர் அந்த 20-ஐ 15 ஆக்கினால் மேல் லிங்க்கின் சுமை 1,100 கிலோவாக ஏறிவிடும். அதுவும் சமதளத்தில், குலுங்காமல் நிற்கும் கணக்கு. பள்ளத்தில் விழுந்தபடி பிரேக் மிதித்தால் கதையே வேறு. அந்த பிராக்கெட்டின் வெல்டிங் பிய்ந்தால் ஆக்ஸில் ஹவுசிங் உருளும், பிரேக் ஹோஸும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் அதோடு போகும்.

ஆகவே லிங்க் பைப்பின் தடிமனைப் பார்த்து அசந்துவிடாதீர்கள். வழக்கமாகப் பிய்வது பிராக்கெட்டும் போல்ட்டும்தான். போல்ட்டை இரண்டு பக்கமும் தகடு பிடித்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டித் தொங்கவிட்டால் ஏற்காதீர்கள். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். எண்ணே இல்லாத போல்ட்டுக்கு அங்கே வேலையில்லை.

பேன்ஹார்டு ராடு இன்னொரு தலைவலி. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து குறுக்கே டிராக் லிங்க் ஓடும் வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாய்விலும் ஒரே நீளத்திலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் நீங்கள் திருப்பாமலே வண்டி திரும்பும். மலைப்பாதையில் இது விளையாட்டல்ல. காஸ்டர் கோணம் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நேராக நிற்காமல் அலையும். வேலை முடிந்ததும் வண்டியைத் தூக்கி, சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தும் பாருங்கள்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் 182ஏ(4) வந்தது: அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இந்த உட்பிரிவு கைவைப்பது உரிமையாளர்மேல். வெல்டிங் வைத்தவர் அதில் இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. பதினைந்து வருடம் ஆன ஜிப்சிக்குப் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டியாக வேண்டும். மாற்றம் அங்கேயும் மாட்டும். போட்டிக்கென்றே வண்டி கட்டுபவர்கள் அதை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்ஷூரன்ஸில், மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டிருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் மறுக்க இடமுண்டு. அடிபட்ட மூன்றாம் நபருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை உங்களிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கும் நிலையும் வரலாம். மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.

பட்டறையின் வேலை மோசம் என்றால் அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துச் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. "சட்டம் தடுத்த வேலையைக் கேட்டதே இவர்தான்" என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதாடும், அது உங்கள் வழக்கைத் தளர்த்தும். அதனால்தான் வேலைக்கு முன்பே வரைபடம், பொருளின் விவரம், போல்ட்டின் தரம் எல்லாவற்றையும் எழுதிய மதிப்பீடும், முடிந்ததும் ஜி.எஸ்.டி. ரசீதும் கேட்கச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, அழிக்காதீர்கள். ஏதாவது பிய்ந்துபோனால் "கொண்டாங்க, இலவசமா வெல்டு பண்ணித் தர்றேன்" என்பார்கள். கொடுக்காதீர்கள். உடைந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, துரு ஏறாமல் எண்ணெய் தடவிப் பையில் கட்டி வையுங்கள். வெல்டிங் உள்ளே இறங்கியிருந்ததா, மேலோடு ஒட்டியிருந்ததா என்பதை ஆணையம் நியமிக்கும் நிபுணர் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.