மின்சைக்கிளில் பிரீவீல் தேய்மானம்

பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில், செயின் மாட்டும் பல்சக்கரத்துக்குள் அடங்கியிருப்பது பிரீவீல். மிதிக்கும்போது அதன் சிறு நாக்குகள் உட்பற்களில் மாட்டிச் சக்கரத்தைச் சுழற்றும். மிதிப்பதை நிறுத்தினால் பற்களைத் தாண்டி ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும். பால்ரஸ் குண்டுகள் உருள்வது அப்போதுதான். சாதாரண சைக்கிளுக்கு அது சிறுபொழுது.

சக்கரத்தின் மையத்தில் மோட்டார் வைத்த வண்டியில் இது தலைகீழ். ஓட்டுபவர் காலை அசைக்காமல் உட்கார்ந்திருக்க, பிரீவீல் ஓயாமல் ஓடுகிறது. 25 கி.மீ. வேகத்தில் 26 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 200 முறை சுற்றும். கடலூரிலிருந்து ஏறத்தாழ 6 கி.மீ. தொலைவிலுள்ள திருவந்திபுரத்துக்கு ஒருமுறை போய்வந்தாலே 5,000 சுற்றுக்கு மேல். கடலோர உப்புக்காற்றும், கெடில ஆற்றங்கரை மணலும், ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்துகொண்டால் கிரீஸ் கரைந்து துரு பிடிக்கத் தாமதமாகாது.

சோதிக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெடலைத் தொடாமல் முன்னோக்கிச் சுழற்றினால் சீரான ‘டிக் டிக்’ கேட்க வேண்டும். கரகரப்பு கேட்டால் குண்டோ அது ஓடும் வளையமோ பழுது. மேல்பக்கச் செயின் தொய்ந்தால் பிரீவீல் இறுகியிருக்கிறது. பல்சக்கரம் லேசாக ஆடுவது புதிய பிரீவீலிலும் உண்டு, அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. ரிம்மே பக்கவாட்டில் ஆடினால் கோளாறு அச்சு பால்ரஸில் இருக்கிறது. பிரீவீலைக் குறைசொல்லக் கூடாது.

பிரீவீலைப் பிரிக்கும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு சிறு துளைகள் உள்ள மேல்மூடியின் மரை எதிர்த்திசை மரை; வலப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல இடப்பக்கம் திருப்பி அடித்தால் துளைகள் சிதைந்துவிடும். அடியில் ஒரு தட்டை விரித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் குண்டுகள் பொலபொலவென்று உதிரும். அவை பெரும்பாலும் 1/8 அங்குலம், அதாவது 3.175 மி.மீ. சாதாரண சைக்கிளின் பின் அச்சில் இருப்பவை வழக்கமாக 1/4 அங்குலம். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, குண்டுகளை எண்ணி, மொத்தமாகப் புதியவை போட வேண்டும். குண்டு ஓடும் பாதைக்குக் கிரீஸ், நாக்குகளுக்கு மெல்லிய எண்ணெய். கெட்டியான கிரீஸ் நாக்கில் ஒட்டினால் அது எழும்பாமல் பெடல் வழுக்கும். ஆட்டம் மிகுந்திருந்தால் மூடிக்கு அடியிலுள்ள மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்துவிடலாம்.

வளையத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புதுக் குண்டு போடுவது வீண். முழுப் பிரீவீலையும் மாற்றுவதே சரி.