நிழலே முதல் களிம்பு

தெற்கு தில்லியின் ஹௌஸ் காஸ் கிராமத்துக்கு இரண்டு முகங்கள். ஒன்று, 1980களின் பிற்பகுதியில் வடிவமைப்பாளர் பீனா ரமணி இங்கே கடை திறந்த பிறகு உருவான நாகரிக முகம்: குறுகிய சந்துகளில் ஆடையகங்கள், ஓவியக்கூடங்கள், காபி கடைகள். சந்து முடியும் இடத்தில் மற்றொன்று: அலாவுதீன் கில்ஜி வெட்டிய ஏரி, அதன் கரையில் 1352இல் ஃபிரோஸ் ஷா துக்ளக் கட்டிய மதரசா, அவரது கல்லறை.

கோடையில் இங்கே சுற்ற வருபவர்களின் கைப்பையில் சன்ஸ்கிரீன் இருக்கும். பலருக்குப் பயம், கறுத்துவிடுவோமோ என்பதுதான். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல்தான் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை உதறியது. ஆசை அவ்வளவு சீக்கிரம் உதிர்வதில்லை.

உண்மையில் கறுப்பது தோலின் தற்காப்பு. மெலனின் என்ற நிறமி குடை பிடிக்கிறது. அதனால்தான் வெள்ளையர்களைவிட நமக்குத் தோல் புற்றுநோய் குறைவு. ஆனால் அது ஓட்டைக் குடை. கன்னத்தில் படரும் மங்கு, திட்டுகள், முன்கூட்டியே விழும் சுருக்கம் ஆகியவற்றை அது முழுதாகத் தடுப்பதில்லை. இவற்றில் பெரும்பங்கு வகிக்கும் புற ஊதா ‘ஏ’ கதிர்கள் மேகத்தை மட்டுமல்ல, கார் கண்ணாடியையும் ஊடுருவும்.

புட்டியிலுள்ள எஸ்.பி.எஃப். எண் முக்கியமாகத் தோலைச் சிவக்க வைக்கும் ‘பி’ கதிர்களுக்கானது. எண் 15 என்றால் சுமார் 93 சதவீதம் தடுக்கும். 30 என்றால் 97. 50 என்றால் 98. எண் ஏறும் வேகத்தில் பயன் ஏறுவதில்லை. ‘ஏ’ கதிர்களுக்கு, பி.ஏ. என்ற எழுத்துக்களை அடுத்து எத்தனை கூட்டல் குறிகள் என்று பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன் அளவு வேண்டும். பொட்டு வைப்பதுபோல் தொட்டுக்கொண்டால் புட்டியில் போட்டிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. வியர்வை வழியும் ஊரில் இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

இத்தனை செலவுக்கும் முன்னால் இலவசமாகக் கிடைப்பது நிழல். ஃபிரோஸ் ஷாவின் கொத்தனார்கள் அதை அறிந்திருந்தார்கள்: தடித்த சுவர்கள், தூண் மண்டபங்கள், ஏரியைப் பார்த்து நீட்டிய மாடங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, குடை ஆகியவையும் நிழல்தான்.

கடிகாரமும் தேவையில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று அர்த்தம். அப்போது கடைகளைப் பாருங்கள். கோடையில் ஏரிக்கரைக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பின்போ போகலாம். ஆறு நூற்றாண்டுகளைத் தாண்டிய அந்தச் சுவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கும். உங்கள் தோலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.